வலது கை நகம்

வேண்டாம் சிஸ்டர், வலது கை நகத்தை மட்டும் விட்டுடுங்க. அடிபட்டது இடது கைதானே. ஆபரேஷன் தியேட்டருக்குள்ள நகத்தோட போகக்கூடாதுன்னு ரூல், புரியுது. கொஞ்சம் உக்காருங்களேன், சொல்றேன். அண்ணன் திரைக்கு அந்தப் பக்கம்தான் நிக்கறாரு, அவரையே வேணா கேளுங்க.

நான் கிட்டார் கத்துக்கறேன். இரும்புக் கம்பி போட்டது இல்ல, நைலான் கம்பி. கிளாசிகல்னு சொல்வாங்க. அதுக்கு வலது கையில நகம் வளக்கணும், இடது கையில ஒட்ட வெட்டணும். கண்ணாடிக் கடையில என்கூட வேலை பாக்கற அக்கா, ஏன்டி, ஒரு கைக்கு மட்டும்தான் கல்யாணமான்னு கேப்பாங்க.

விரல் நுனியா? தீக்காயம் இல்ல சிஸ்டர், காய்ச்சுப்போனது. கம்பியை அழுத்தி அழுத்தி அப்படி ஆயிடும். டீச்சர் பாத்துட்டு, இப்பதான் நீ எங்காளுன்னாங்க.

விழுந்ததா? அண்ணன் சொன்னாருல்ல, அதேதான். இடது காலுக்கு அடியில குட்டியா ஒரு ஸ்டூல் வெச்சுக்கணும், அப்பதான் கிட்டார் மடியில நிக்கும். அது சறுக்கிடுச்சு. எதிர்ச் சுவர் வரைக்கும் போச்சு. ஆமா, அவ்வளவு தூரம். நான் விழுந்தேன், கை அடியில மாட்டிக்கிச்சு. எதுக்கு அடியிலயா... கிட்டாருக்குத்தான். கிட்டார் லேசுதான், நீங்க சொல்றது சரி. புறங்கையில கோடு கோடா பதிஞ்சிருக்கறது டைல்ஸ் டிசைன் சிஸ்டர்.

அய்யோ, அந்தப் பஞ்சை எடுத்துடுங்க. வலது கையைத் தொடைக்காதீங்க. மூக்குல வந்த ரத்தம்தான் அது, இருந்துட்டுப் போகட்டும். ஸ்பிரிட் வாசனை எனக்கு ஆகாது.

அண்ணனுக்கு நைட் ஷிப்ட், பகல்லதான் தூங்குவாரு. நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். முதல் பாடமே இன்னும் தாண்டல. கொசு காதுல பாடற மாதிரி இருக்கும், எனக்கே எரிச்சல் வரும். ஒரு நாள் கம்பி ஆறும் ஒண்ணா அறுந்துச்சு. பக்கத்துல கட்டிங் பிளேயர் கெடந்துச்சு. ஒண்ணு தெறிச்சு கன்னத்துல பட்டுச்சு, இந்தக் கோடு பாருங்க. அப்புறம் ஒரு நாள் தலை கதவு நிலையில இடிச்சுது. ரெண்டு மூணு தடவை, ஒரே எடத்துல. நான் பாத்து நடக்க மாட்டேன்னு அண்ணன் சொல்லிக்கிட்டேதான் இருப்பாரு.

சட்டையா? ஆமா, இந்தப் புழுக்கத்துலயும் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருக்காரு. அவருக்கு அப்படிப் பழக்கம்.

நகத்துக்கு வருவோம். வாசிக்கறதுக்குக் கட்டைவிரல் நகம்தான் உயிர். உப்புத்தாள்ல தேய்ச்சு ஓரத்தை வழவழன்னு ஆக்கணும். எனக்கு அது இன்னும் கைகூடல. எப்ப தேய்ச்சாலும் ரம்பம் மாதிரி சொரசொரப்பா நின்னுடும், கம்பி மேல பட்டா கீச்சுங்கும். இதை வெச்சுக்கிட்டு மரம்தான் அறுக்கலாம்னு டீச்சர் திட்டுவாங்க.

யாரோ மருந்துச் சீட்டுன்னு கூப்பிடறாங்களே. அண்ணனையே போகச் சொல்லுங்க, கீழதானே கடை.

போயிட்டாரா? திரைக்குக் கீழ பூட்ஸ் தெரியுதா பாருங்க. தெரியலையா. நல்லா குனிஞ்சு பாருங்க சிஸ்டர். அந்த பூட்ஸோட அடிப்பக்கம் எப்படி இருக்கும்னு என் புறங்கையைப் பாத்தாலே தெரியும்.

சரி. இப்ப வெட்டுங்க. அஞ்சையும் வெட்டுங்க. அதுக்கு முன்னாடி வாசல்ல உக்காந்திருக்கற போலீஸம்மாவைக் கூப்பிடுங்க, அவங்க கண்ணு முன்னாடி வெட்டணும். கழுவாம, தொடைக்காம, சுத்தமான கவர்ல போட்டு ஒட்டணும். நான் தானா விழுந்தேன்னுதான் அவன் கடைசி வரைக்கும் சொல்வான், வீட்ல பாத்தவங்க யாரும் இல்ல. கட்டைவிரலை மட்டும் பதமா வெட்டுங்க. அதுல இருக்கற ரத்தம் என்னுது இல்ல. ஓரத்துல சிக்கியிருக்கறது அவன் கழுத்துத் தோல்.

இடது கையை மிதிச்சு முடிச்சுட்டு, எங்க, அந்தக் கையையும் குடுன்னு குனிஞ்சான் சிஸ்டர்.

குடுத்தேன்.