பொய் நம்பர் சிஸ்டர்

ஹலோ... ஹலோ, சார்? ஆமா சார், குழந்தைங்க ஐசியூவுலேர்ந்து சிஸ்டர் பேசுறேன்... ஆமா... ஆமா, அதே 'பொய் நம்பர் சிஸ்டர்'தான். மீட்டிங்ல உங்க பக்கத்துல சிரிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது. சிரிச்சு முடிக்கட்டும், லைன்லயே இருக்கேன்...

முடிஞ்சுதா? மூணாம் பெட் சார். நாலு வயசுப் பொண்ணு, நாம 'வாலு'ன்னு கூப்பிடுவோமே... அவதான். கிட்னி வேலை செய்யல, நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒரு சொட்டு யூரின் போகல. இப்ப ரத்தத்துல ஆசிட் ஏறிடுச்சு. ஏழு பாயிண்ட் நாலு இருக்கவேண்டிய பிஹெச், ஏழு பாயிண்ட் பூஜ்யம் எட்டு... எட்டு சார், எட்டு! உடனே டயாலிசிஸ் போடணும். நீங்க வந்து கழுத்து ரத்தக்குழாய்ல லைன் போடணும். நீங்க வாயத் திறந்து சொன்னாத்தான் மெஷினத் தருவோம்னு மேல்மாடியில சொன்னாங்க.

...இல்ல சார்... இல்ல... கொஞ்சம் என்னையும் பேச விடுங்க...

ஆமா. போன வாரம் நான் தப்பு பண்ணேன். ரத்தம் உறையாம இருக்க சிரிஞ்சுல இழுக்கிற ஹெபாரின, முழுசா வெளிய தள்ளாம விட்டுட்டேன். அது ரத்தத்தோட கலந்து நம்பர் கோணலா வந்துச்சு. நீங்க சாப்பிட்ட கையோட ஓடி வந்தீங்க. அந்தப் பையன் பெட்ல உக்காந்து பிஸ்கட் கடிச்சுக்கிட்டிருந்தான். எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டேன். அது என் தப்பு சார். அதுக்கு இந்தப் பொண்ணு ஏன் தண்டனை அனுபவிக்கணும்?

...ரெண்டு தடவ ரத்தம் எடுத்தாச்சு. முதல்ல நான். ரெண்டாவது பக்கத்து சிஸ்டர எடுக்கச் சொன்னேன், சிரிஞ்ச என் விரல்கூடத் தொடல. அதுலயும் அதேதான்... மூணாவதா? எங்க சார் குத்துறது? ரெண்டு கையும் நீலம் பாரிச்சுக் கெடக்கு.

...ஹெபாரின்தான்னு அடிச்சுச் சொல்றீங்களே, அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. ஹெபாரின் கலந்தா ரத்தம் நீர்த்துப்போயி பொட்டாசியமும் இறங்கணுமா இல்லையா?... இறங்கணும்ல? காலையில அஞ்சு பாயிண்ட் அஞ்சு, இப்ப ஆறு பாயிண்ட் அஞ்சு. ஏறுது சார்!... யார் சொல்லிக் குடுத்தாங்களா? யாரும் இல்ல. நான் டாக்டருக்குப் படிக்கல. ஆனா தப்பு பண்ணவளுக்கு அந்தத் தப்பப் பத்தி உங்களவிட நல்லாத் தெரியும். ஒரு வாரமா அதத்தான் படிச்சேன்.

ஒரு நிமிஷம்... அக்கா, அழாதீங்கக்கா. நீங்க பெத்தவங்க, நீங்களே உடைஞ்சா எப்படி? அவ கையப் பிடிச்சுக்கிட்டே இருங்க. நான் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... உங்ககூடத்தான் சார், வேற யார்கூட?

...ஆசிட்ட இறக்க சோடா பைகார்ப் காலையிலயே குடுத்தாச்சு. அசையல... எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கிறது? நேத்து ஊசியப் பார்த்ததும் என் வயித்துலயே எட்டி உதைச்சா சார். இன்னிக்கு ரெண்டு தடவ குத்தியும் முகம்கூடச் சுளிக்கல. எனக்குப் பயமா இருக்கு. அவ உதைக்கணும் சார் எனக்கு.

...கத்துறேன்தான். நாளைக்கு மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன். இப்ப கேஸ் ஷீட்டத் திறந்து வெச்சிருக்கேன். மணி பதினொண்ணு பத்து, டாக்டருக்குப் போன் பண்ணேன், நம்பர் சொன்னேன். அதுக்குக் கீழ நீங்க சொன்ன பதில எழுதணும். என்ன எழுதட்டும்?

...சரி, நம்பர நம்ப வேணாம், என்னையும் நம்ப வேணாம். போன அவ வாய்கிட்ட வெக்கிறேன். கேளுங்க...

...

...கேட்டீங்களா? நூறு மீட்டர் ஓடினவ மாதிரி மூச்சு இழுக்குறா. படுத்த படுக்கையா கெடக்குற பிள்ள சார் அது!

...வர்றீங்களா?... சரி... சரி சார்... மெஷினா? நீங்க மேல சொல்லவேண்டியதில்ல. அனுப்பிட்டாங்க... இல்ல, உங்களுக்குப் போன் போடுறதுக்கு முன்னாடியே. டாக்டர் சொல்லிட்டார்னு நான்தான் சொன்னேன்...

ஆமா சார், பொய்தான். இன்னிக்கு நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். நம்பர் நிஜம்.

லிஃப்டுக்கு நிக்காதீங்க, அதுல மெஷின் வருது. படியில வாங்க. வெச்சுடுறேன்.