திரைக்குப் பின்னால் சலங்கை

— 'பின்னாடி இருந்து கூப்பிட்டா உங்கப்பா திரும்புவாராம்மா?'ன்னு உங்க கம்பெனி நர்சம்மா என்னைக் கேட்டாங்களேப்பா. நான் டிபன் பாக்ஸ் குடுக்க வந்தன்னிக்கி.

— நீ என்னா சொன்னே?

— ஒண்ணும் சொல்லல. தலையக் குனிஞ்சிக்கிட்டு வந்துட்டேன்.

— அதான் என் வினோதா. வாயத் தொறந்திருந்தா அன்னிக்கே என்னைப் பிரஸ் மிஷின்லருந்து எறக்கி, கூட்டற வேலைக்கு அனுப்பியிருப்பாங்க. நாளைக்கிக் காது டெஸ்ட்டு. அதுக்குள்ள இந்த ரெக்கார்டு பொட்டியச் சரி பண்ணு.

— பொட்டிக்கும் டெஸ்ட்டுக்கும் என்னாப்பா?

— இந்தக் கூத்து ரெக்கார்டு எனக்கு மனப்பாடம் கண்ணு. துரியோதனன் திரைக்குப் பின்னாடி நின்னு காலை உதறுவான். மொதல்ல சலங்கை மட்டுந்தான் கேக்கும். சின்ன சத்தம். அது கேட்டுட்டா என் காதுக்கு ஒண்ணுமில்ல.

— நேத்துப் போட்டியே, கேக்கலியா?

— மிஷின் கோளாறு.

— ரீ, உங்களைத்தாங்க, அந்த மிஷினுக்கு மட்டும் அப்பாவும் பொண்ணும் வைத்தியம் பாருங்க. என் மிக்ஸி ஒரு மாசமா ஓடல.

— அப்பா, அடுப்படியிலருந்து அம்மா என்னமோ சொல்லுது.

— என்னவாம்?

— மிக்ஸியாம்.

— மிக்ஸி ஓடறப்ப பேசினா யாரு காதுல விழும்?

— மிக்ஸிதான் ஓடலியாம்பா.

— சரி சரி. நீ வேலையப் பாரு.

— உன் ரசமட்டத்த வெச்சுப் பாத்தேன். ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு. அட்டை குடுத்து மட்டம் பண்ணிட்டேன். முள்ளுக்கு மேல ஒருரூபாக் காசு யாரு ஒட்டுனது?

— நாந்தான். குதிக்காம இருக்கட்டும்னு.

— அந்தக் கனத்துல முள்ளு ரெக்கார்டையே சுரண்டுது. எடுத்துட்டேன். இப்ப முள்ளுக் கைக்குப் பின்னாடி இருக்கற குண்டைத் திருப்பறேன் பாரு. கை கீழயும் விழாம மேலயும் போகாம தராசு மாதிரி அந்தரத்துல நிக்கணும். நின்னுடுச்சா? இதுக்கப்புறம் முள்ளுக்கு ரெண்டே கிராம் கனம் குடுத்தாப் போதும்.

— எங்க கத்துக்கிட்டே?

— மூடிக்குள்ள ஒட்டியிருக்கற தாள்ல படம் போட்டிருக்குது.

— இந்தக் கவனம் பத்தாவதுல இருந்திருந்தா...

— ஸ்பீக்கரைக் கீழ எறக்குப்பா. ஒரே மேசையில இருந்தா அதிருது.

— எறக்கிட்டேன். போடு.

— போட்டுட்டேன்.

— ஆங், மத்தளம் வருது. நல்லா வருது! பாட்டுக்காரன் எடுத்துட்டான். இப்ப திரை புடிப்பாங்க. இரு... சலங்கை வந்துடுச்சா? உன்னைத்தான் கண்ணு. வந்துடுச்சா?

— அப்பா, போன மாசம் கம்பெனில ஃபோர்க்லிஃப்ட்டு வண்டி ஹாரன் அடிச்சும் நீ நகரலையாமே. உன்கூட வேலை செய்யற பெரியதம்பி மாமா புடிச்சு இழுக்கலன்னா...

— அதையா கேட்டேன்? ரெக்கார்டு தேஞ்சுபோச்சா? உனக்குக் கேக்குதா, இல்லியா? சொல்லு கண்ணு.

— தேஞ்சுதான் போச்சுப்பா. எனக்கும் கேக்கல.

— பாத்தியா! என் காதுல ஒரு கோளாறும் இல்ல! நாளைக்கி நர்சம்மா பட்டன் அமுக்கற விரலைப் பாத்துக்கிட்டே கையத் தூக்கிட்டா முடிஞ்சுது.

— அய்யோ சிவனே! வினோதா, என்னாடி பண்ணே அந்தப் பொட்டிய? கரண்டியோட ஓடி வரேன் பாரு. சலங்கை என் காலுகிட்டயே வந்து ஆடற மாதிரி இருக்குதே! ரீ, இங்க பாருங்க, இன்னொருவாட்டி போடச் சொல்லுங்க!

— அம்மா, சும்மா இரு.

— ஏன்டி? அடுப்படி வரைக்கும் கணீர்னு கேக்குது. ரீ, எங்க எந்திரிக்கறீங்க?

— அப்பா... அப்பா, நான் வந்து...

— நான் இப்ப என்னா தப்பா சொல்லிட்டேன்? வாசப்படி எறங்கிப் போறாரே! ஷிப்ட்டுக்குக் கெளம்பிட்டாருன்னா கம்பெனிப் பை இங்கியே கெடக்குது. பஸ்ஸு பாகலூர் ரோட்டுலதானே நிக்கும், இவரு ஏன் ஏரிப் பக்கம் திரும்பறாரு? நிக்கறியே, கூப்பிடுடி!

— பின்னாடி இருந்து கூப்பிட்டா அப்பாவுக்குக் கேக்காதும்மா.