உட்காராமல் நின்ற பெண்

— மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க மேடம்? என் கிளாஸ் அவ்வளவு மோசமா?

— மேடம்னு கூப்பிடாதீங்க சார். இதே காலேஜ்ல உங்ககிட்ட கெமிஸ்ட்ரி படிச்ச சுகிர்தாதான் நான்.

— அது கிடக்கட்டும். அன்னைக்கு நீ ஸ்டூடண்ட், இன்னைக்கு எனக்கு மென்டர். அம்பத்திரண்டு வயசுல இந்த பாலகுரு புது வாத்தியார்! கோட்டுச்சேரி பஸ்ல போற பசங்ககூட சிரிக்கிறானுவோ. டீயைக் குடி, ஆறிடப்போவுது.

— இத்தனை வருஷம் கெஸ்ட் லெக்சரரா இருந்துட்டு இப்பதான் பெர்மனென்ட் ஆயிருக்கீங்க. புதுசு பழசு தெரியாம என்னைப் போய் உங்களுக்கு மென்டரா போட்டிருக்காரே, பிரின்சிபாலுக்கு வேற ஆளே கிடைக்கலையா?

— அது கிடக்கட்டும். நீ சரின்னு சொன்னாதான் என் ப்ரொபேஷன் முடியும். கடைசி பெஞ்சுல உக்காந்து என்ன பாத்த?

— நல்லா இருந்துச்சு சார்.

— பொய். நல்லா இருந்திருந்தா இந்நேரம் என் சமோசாவையும் சேத்துத் தின்னிருப்ப.

— சொன்னா கோச்சுக்குவீங்க.

— கோச்சுக்குவேன். சொல்லு.

— துருப்பிடிக்கிறதைப் பத்தி நோட்ஸ் சொல்லிகிட்டு இருந்தீங்க. இரும்பைக் காப்பாத்துறதுக்கு துத்தநாகம் தன்னைக் கரைச்சுக்கும்னு. அப்ப அந்தக் கிளிஞ்சல்மேட்டுப் பொண்ணு எந்திரிச்சா.

— தேவிகா.

— அவதான். எங்கப்பாவோட மீன்பிடி போட்டுக்கு அடியில துத்தநாகக் கட்டி ஒன்னு முடுக்கியிருக்காங்க, அது மட்டும் கரைஞ்சுகிட்டே போவுது, ஏன் சார்னு கேட்டா. நீங்க என்ன சொன்னீங்க?

— பரீட்சைக்கு வராது, உக்காருன்னேன்.

— அவ கேட்டதே அந்தப் பாடந்தான் சார்!

— தெரியும்.

— தெரிஞ்சுமா?

— வாய் முந்திக்கிச்சும்மா. மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குனவன் நான். கேள்விக்கு நின்னா போர்ஷன் முடியாது. பதில் தெரியாம முழிச்சா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க. வேலை நிரந்தரமாயிடுச்சு, அந்தப் பயம் இன்னும் போவல.

— அவ உக்காந்ததைப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். அதுக்கப்புறம் அந்த கிளாஸ்ல ஒருத்தரும் வாயைத் திறக்கல.

— நாளைக்கு என்ன செய்யட்டும்?

— தேய்ஞ்ச கட்டி ஒன்னு அவ வீட்டுல கிடக்கும். கொண்டுவரச் சொல்லுங்க. மேஜையில வெச்சுட்டு, நீங்க நோட்ஸ் சொல்லாதீங்க, அவளைப் பேசவிடுங்க.

— பேசுவா. பேசிட்டு இன்னொரு கேள்வி கேப்பா. அதுக்கு எனக்குப் பதில் தெரியலன்னா?

— தெரியல, பாத்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லுங்க. நான் சொல்லாத வாரமே இல்ல. போய்ப் படிக்கிறேன், மறுநாள் வந்து சொல்றேன். பிள்ளைங்க என்னைக் கேலி பண்ணுனதில்ல.

— ம்... நல்லா வாங்கிக் கட்டிகிட்டேன்.

— இதுக்குத்தான் சார் எனக்கு இந்த வேலையே வேண்டாம்னு நெனச்சேன். பாடம் சொல்லிக் கொடுத்தவரைக் குத்தம் சொல்லிட்டு வீட்டுல போய் எப்படி சோறு இறங்கும்? நாளைக்கே பிரின்சிபாலைப் பாத்து மாத்தச் சொல்லிடுறேன். ராஜ்மோகன் சாரைப் போடட்டும். உங்க வயசுக்காரரு, பக்குவமா எடுத்துச் சொல்லுவாரு.

— ராஜ்மோகனா? தங்கமான மனுஷன். நான் என்ன செஞ்சாலும் பிரமாதம்பாரு. முதல்ல அவரைத்தான் போட்டாங்க.

— அப்புறம் ஏன் மாத்துனாங்க? உங்களை அவமானப்படுத்தவா?

— அட, அவங்க மாத்தலம்மா. நான் உக்காருன்னு சொல்லியும் உக்காராம, பதில் சொல்லுங்க சார்னு நின்ன ஒரே பொண்ணு நீதான். அதான் பிரின்சிபால்கிட்டப் போயி நானே உன்னைக் கேட்டு வாங்கினேன்.