மண்ணிறம் பூண்ட சிறகு

மழைக்காலம் விடைபெறும் நாட்களுக்கு ஒரு தனி அமைதி உண்டு. பொழிந்து தீர்த்த களைப்பில் மேகங்கள் குன்றுகளின் தோளில் சாய்ந்து கிடக்கும். வெயில் வந்தாலும் உரிமையோடு வராது. வாசலிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டுத் திரும்பும் தூரத்து உறவினரைப்போல் வந்து போகும். அப்போது நிலத்தைப் பார்க்க வேண்டும். புல் ஒரே பச்சையாக இராது. அடி கறுத்து, நுனி பழுத்து, இடையிடையே நனைந்த மண் செம்பழுப்பாய்த் தலைகாட்டும். படைத்தவன் தன் தூரிகையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போன பருவம் அது என்று எனக்குத் தோன்றும். காலை வழிபாட்டுக்குப் பின் அந்தச் சரிவைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறான் என்று நினைப்பீர்கள், ஐயா. அந்தப் பெரிய விமானத்தின் முதுகில் நான் பூசியவை இந்த நிறங்களே.

அடுத்த அறையில் விமானக் காட்சியின் வான்வழி ஒருங்கிணைப்பாளரை உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் குரல் இங்கே வரை கேட்கிறது. ரேடியோவில் உயரத்தைச் சரியாகச் சொன்னீர்களா, சொல்லவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மெக்கானிக்கையும் அனுப்பலாம். எல்லோரையும் சந்தேகிப்பது உங்கள் தொழில்; அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தகப்பனுக்கும் அது தொழில்தான்.

பழைய போர் விமானங்களைப் பாதுகாக்கும் எங்கள் கூடத்தில் வண்ணப் பிரிவு என் பொறுப்பு. விமானிகள் எல்லோரும் வேறு வேலை உள்ளவர்கள், ஆசைக்குப் பறப்பவர்கள். அவர்களில் ஒருவரைத்தான் அங்கே அலுவலகத்தில் வேலை பார்த்த என் மகள் மணந்தாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்துகொண்டார்கள், கேட்டுவிட்டு அல்ல. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை முதன்முதல் எங்கள் வீட்டில் சாப்பிட்ட அன்று, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். தண்ணீர் என் தட்டு வரை ஓடி வந்தது. "மன்னிச்சுக்குங்க மாமா, கவனிக்கல" என்றார். கவனிக்கவில்லை என்பது ஒன்று, பார்க்கவில்லை என்பது வேறு. பின்னொரு நாள் எங்கள் வீட்டு மாடிப்படியின் கடைசிப் படியில் தடுமாறினார். விமானக் கூடத்தில் அவருடைய இடப்பக்கமாக நான் போய் நின்றபோது திடுக்கிட்டுத் திரும்பினார். செய்தித்தாளை எட்டப் பிடித்துப் படித்தார். இவற்றை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மகளிடம் ஒருநாள் மெல்லக் கேட்டேன்.

"மாப்பிள்ளைக்குக் கண்ணு சரியா தெரியுதாம்மா?"

"ஏன்ப்பா திடீர்னு?"

"அன்னிக்கு டம்ளரைத் தட்டிவிட்டாரே."

"நீங்க எதிர்ல உக்காந்து அப்படி முறைச்சீங்கன்னா டம்ளர் தானாவே விழும்ப்பா." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவரை விட்டுடுங்கப்பா. உங்களைப் பாத்தாலே அவருக்குக் கைகால் உதறுது" என்றாள்.

கணவனுக்காக மகள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன். கூடத்து மருத்துவரிடம் போனேன். பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை என்று கையை விரித்தார். அவரும் மாப்பிள்ளையும் சேர்ந்து சீட்டாடுபவர்கள். கூடத்தின் தலைவரிடம் சொன்னேன், "உங்க வீட்டு விஷயத்தை இங்க கொண்டுவராதீங்க" என்று நாசூக்காக முடித்துவிட்டார். ஆக, குருடான ஒருவன் வானத்தில் பறக்கிறான், ஊரே அதை மூடி மறைக்கிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று. மெய்யை மெய்யென்று நிறுவ ஒரு சோதனை வேண்டியிருந்தது.

பெரிய விமானத்தின் முதுகில், ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனி வரை, அகலமான மஞ்சள் பட்டை ஒன்று இருந்ததை நீங்கள் பழைய படங்களில் பார்த்திருக்கலாம். போர்க்காலத்தில் அது கிடையாது. காட்சிக்குப் பறக்கத் தொடங்கியபின், மேலிருந்து வரும் சிறு விமானங்களுக்குத் தெரிய வேண்டும் என்று பூசியது. சிறு விமானத்தின் மூக்கு நீளமானது. ஒருக்களித்து வளையும்போது முன்புறமும் கீழ்ப்புறமும் அதில் மறைந்துபோகும். ஒரு கணம்தான் கீழே பார்க்கக் கிடைக்கும். அந்தக் கணத்தில் மஞ்சள் கண்ணில் அறையும்.

குழுக் கூட்டத்தில் நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "நாம வெச்சிருக்கிறது போர் விமானமா, ஸ்கூல் வேனா?" எல்லோரும் சிரித்தார்கள். போரில் பறந்த கோலத்திலேயே இந்த ஆண்டு காட்ட வேண்டும் என்று தலைவர் மேசையைத் தட்டினார். மெக்கானிக் மட்டும் பின்னாலேயே என் கொட்டகைக்கு வந்தான். எல்லோரும் அவனை நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணே, அந்தப் பட்டை அழகுக்குப் போட்டது இல்ல. மேலேருந்து வர்றவன் பாக்கணும்ல?"

"பாக்குற கண்ணு இருக்கிறவன் பாப்பான், தம்பி."

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து அவனும் சிரித்துவிட்டுப் போனான். ஆகவே அவனை விட்டுவிடுங்கள்.

வேலையை ஒழுங்காகச் செய்தேன். மஞ்சளைச் சுரண்டி எடுத்தேன். சிறகு நுனியின் வெள்ளையை அழித்தேன். சரிவின் புல்லை ஒரு கைப்பிடி பறித்து வந்து, அதன் அருகிலேயே வைத்துப் பச்சையைக் குழைத்தேன். மண்ணை நனைத்துப் பழுப்பைக் குழைத்தேன். பூசும்போது வாய் தன்னால் பாசுரங்களைச் சொல்லிக்கொண்டிருக்கும். எந்த வேலையையும் வழிபாடாகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை.

அந்தப் பெரிய விமானத்தை ஓட்டுபவர் ஒரு பேக்கரிக்காரர். பருத்த உடம்பு; அதைவிடப் பெரிய சிரிப்பு. மாலையில் ரொட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் பூசுவதை வேடிக்கை பார்ப்பார்.

"என்னண்ணே, என்னையே காணாம பண்ணிடுவீங்க போலிருக்கே?"

"உங்களை மறைக்கிற பெயின்ட் இன்னும் வரலை" என்றேன்.

"அதானே! இந்த விமானத்துக்கு வேற குண்டு எதுக்கு, நான் ஒருத்தன் போதாதா?" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார். அவருடன் துணைக்குப் பறந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர், அதிகம் பேசாதவர். இருவர்மீதும் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. அவர்களை நான் நினைக்கவே இல்லையா என்று கேட்டால், நினைத்தேன். சோதனைச் சாலையில் மேசை இருக்கிறது அல்லவா, அதை நினைப்பதுபோல் நினைத்தேன்.

என் கணக்கு எளிமையானது. மூன்று சிறு விமானங்கள் குன்றின்மேல் வளைந்து இறங்கும். மாப்பிள்ளை மூன்றாவது. கீழே பெரியது புல்வெளியை ஒட்டித் தாழ்வாக, நேராக வரும். அவர் கண்ணுக்கு அது தெரியாது; நெருங்கிவிடுவார்; ரேடியோவில் கூச்சல் எழும்; விலகிப் போவார். பிறகு விசாரணை, கண் பரிசோதனை, உரிமம் போகும். வெளியூர் விமானப் பயிற்சிப் பள்ளியில் அவருக்குக் கிடைத்திருந்த வேலையும் போகும். மகள் ஊரைவிட்டுப் போவதும் நிற்கும். இந்தக் கடைசி விஷயம் தானாக அமைந்த நன்மை. அதை நான் காரணமாகச் சொல்லவில்லை.

அன்று குன்றுச் சரிவில் விமானிகளின் குடும்பத்தாருக்கு இடம் போட்டிருந்தார்கள். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இது அவளுக்கு ஆறாம் மாதம். வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டேன். அறிவிப்பாளர் பெரிய விமானத்தின் பெருமையை ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். அவள் நெற்றியில் கைவைத்து எங்கெங்கோ தேடினாள்.

"சத்தம் கேக்குது. ஆனா பெரிய விமானம் எங்கப்பா? காணோமே."

"வரும்மா. பாரு."

முதலிரண்டு சிறு விமானங்கள் எங்கள் தலைக்கு மேலாக வளைந்து போயின. மூன்றாவது வளைந்து இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு புல்வெளியே இரண்டாகப் பிளந்ததுபோல் இருந்தது. பிளந்தபின்தான் அது விமானம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கீழே சிலர் காட்சியின் ஒரு பகுதி என்று எண்ணிக் கைதட்டினார்கள். அறிவிப்பாளர் ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரை பேசிக்கொண்டே இருந்தார். மகள் என் கையைப் பிடித்தாள். அவள் என் கையைப் பிடித்து வெகுகாலமாயிற்று.

நானாக இங்கே வந்தது ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான். மாப்பிள்ளையின் பார்வை எப்படி இருந்தது என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் சொன்னீர்கள்: "புது வேலைக்காகப் போன மாசம் வெளியூர் ஆஸ்பத்திரியில செக் பண்ணியிருக்காங்க. ரெண்டு கண்ணும் சுத்தம்." நல்லது. அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தார்களா என்று விசாரித்தீர்களா? விசாரிப்பது உங்களுக்கு நல்லது.

கண் சரியாக இருந்தால் ஏன் தெரியவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஒத்திகை நாளில் பெரியது மட்டும் தனியாகப் பறந்தது. நான் அதே சரிவில் நின்று பார்த்தேன். என் கண்ணில் இன்றுவரை ஒரு பழுதும் இல்லை. ஊசியில் நூல் கோப்பேன். இஞ்சின் ஓசை நெஞ்சில் அதிர்கிறது, விமானத்தைக் காணவில்லை. அது எந்த நேரத்தில், எந்த வழியாக வரும் என்று தெரிந்த எனக்கே தெரியவில்லை. இடப்பக்கச் சிறகில் மட்டும் ஓரிடத்தில் வண்ணம் இலேசாக மினுங்கியது. அந்த மினுக்கத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அது கொட்டகைக்குத் திரும்பியதும், மெல்லிய உப்புத்தாளை நனைத்து, அந்த இடத்தை மினுக்கம் சாகும் வரை தேய்த்தேன். பிறகு இன்னொரு பூச்சு கொடுத்தேன். யாராலும் பார்க்க முடியாது என்பது உறுதியான பிறகே தூரிகையைக் கழுவினேன்.

ஆம், ஐயா. எந்தக் கண்ணுக்கும் தெரியாததை அவர் கண்ணுக்கு முன்னால் வைத்தேன். வைத்தவன் நான். மூன்று பேரும் என் கையால் போனார்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன். ஆனாலும் அவர் பார்த்திருக்க வேண்டும். என் மகளைக் கட்டியவன் அந்த அளவுக்காவது பார்வை உள்ளவனாக இருந்திருக்க வேண்டும்.

விளக்கைச் சற்றுத் தணிக்க முடியுமா? பொழுது சாய்கிறது. இந்த நேரத்தில் நான் வாய்திறந்து பாடுவது வழக்கம். இங்கே பாட மாட்டேன். கண்ணை மூடிக் கைகுவித்து, பேக்கரிக்காரருக்கு ஒரு பாட்டு, ஆசிரியருக்கு ஒரு பாட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு பாட்டு என்று மனத்துக்குள் சொல்லி முடிக்கிறேன். உங்கள் பேனா அது வரை காத்திருக்கட்டும்.

முடிந்தது. கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். நடைவழியில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள். பரவாயில்லை, வாழ்த்துப் போய்ச் சேர முகம் தேவையில்லை.

நல்லா இரும்மா. உன் வயித்துல இருக்கிற பிள்ளை நூறு வருஷம் வாழட்டும். என் கண்ணு மாதிரியே கண்ணோட பொறக்கட்டும்.