மூவாயிரமாவது நாள்

ஐயா, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு நான்கு கால்கள்தான் இருக்கின்றன. சக்கரம் வைத்த நாற்காலி என்றால் ஐந்து வேண்டும். நான்கு இருந்தால், பின்னால் சாயும்போது ஆளைக் கவிழ்த்துவிடும். காவல் நிலையத்தில் இதையெல்லாம் கவனிக்க ஆள் இல்லை போலிருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் நான் இருந்தேன்.

நீகாத்தாவில் பம்பு உதிரிபாகம் செய்கிற இடம் அது. நான் பாதுகாப்பு அலுவலர், பெயர் உபுகட்டா. எங்கள் வாசலில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று ஒரு பலகை உண்டு. காலை உடற்பயிற்சி முடிந்ததும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அதில் எண்ணை மாற்றுவேன். இருநூறு பேர் நின்று பார்ப்பார்கள். ஒரே ஒரு விபத்து நடந்தால் போதும், எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் அது நூறைத் தாண்டியதே கிடையாது.

எப்படித் தாண்ட வைத்தேன் என்று கேட்டீர்கள். கிடங்கில் வேலை பார்க்கும் மினோவா உட்கார்ந்த நாற்காலி முறிந்து, அவருடைய வாலெலும்பு உடைந்தது. வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக மருத்துவரிடம் சொல்லும்படி நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

“எங்க வீட்டுக் குளியலறையில நிக்கவே இடமில்ல, உபுகட்டா சான். அதுல எங்கேர்ந்து விழறது?” என்று சிரித்தார். சிரித்தால் வலித்தது, நிறுத்திக்கொண்டார். ஆனால் சொன்னபடியே சொன்னார். லாக்கர் கதவில் விரல்நுனியை இழந்த பெண், மனைவிக்கு மீன் நறுக்கப் போய்க் கையை வெட்டிக்கொண்டேன் என்று சொன்ன வெல்டர், எல்லோரும் சொன்னபடியே சொன்னார்கள். யாரையும் நான் மிரட்டவில்லை. பலகையைப் பூஜ்யமாக்கியவர் என்று கைகாட்டப்பட ஒருவருக்கும் விருப்பமில்லை, அவ்வளவுதான். ஊரோடு ஒத்து வாழத் தெரிந்தவர்கள்.

மூவாயிரமாவது நாளுக்குத் தலைமையகத்திலிருந்து தலைவரே வருவதாக இருந்தது. நல்ல நாளுக்குப் பரிமாறும் சிவப்புப் பயறு சோறு இருநூறு பெட்டி சொல்லி வைத்தோம். அலுவலகச் சுவருக்கு வண்ணம் அடித்தோம். அதற்காகக் கோப்பு அலமாரியைச் சுவரோடு பிணைத்திருந்த போல்ட்டுகளைக் கழற்றியது நான். காய்ந்த பிறகு திரும்ப மாட்டவில்லை. புதுச் சுவரில் துளை போட மனம் வரவில்லை. விழா முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

முந்தின நாள் காலை பத்து இருபதுக்கு, அலுவலகத்தில் கோப்புகளைக் கவனிக்கும் ஒகிட்சு சான் விழாவுக்காகப் பழைய படங்களைத் தேடி, அலமாரியின் மேல் இழுப்பறைகள் மூன்றையும் ஒன்றாக இழுத்தார். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் இழுத்துப் பழக்கம். அலமாரி அவர் நெஞ்சின்மேல் சாய்ந்தது. நானும் மினோவாவும் தூக்கி நிறுத்தினோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

“மன்னிச்சுக்குங்க, உபுகட்டா சான். நாளைக்கு விழாவை வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டேனே.”

“ஒண்ணுமில்ல. பேசாதீங்க.”

“மூச்சு உள்ள போகமாட்டேங்குது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுறீங்களா?”

மினோவா தொலைபேசியை எடுத்தார். வைக்கச் சொன்னேன், வைத்தார். ஒகிட்சு சானைச் சக்கரம் வைத்த ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பின்வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போய், எதிரே பேருந்து நிறுத்தத்து இருக்கையில் அமர்த்தினேன். என் கோட்டை அவர் தோளில் போர்த்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாகச் சொல்கிறீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. பட்டப்பகலில், தெருவோரம், போகிறவர் வருகிறவர் பார்க்கத்தான் உட்கார வைத்தேன்.

பிறகு அவருக்குப் பத்து மணியிலிருந்து விடுப்புச் சீட்டு எழுதினேன். எங்கள் சீட்டுக்கு மூன்று முத்திரை வேண்டும். அவருடையது அவர் மேசையிலேயே இருந்தது, நானே குத்தினேன். பிரிவுத் தலைவர் என்ன ஏது என்று கேட்காமல் குத்தினார். மேலாளர் மட்டும் சாப்பாட்டுக் கூடத்தில் மறுநாள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் புகுந்து கேட்பது மரியாதை இல்லை என்று வாசலில் நின்றேன். நீளமான பேச்சு. அவர் முடித்து, குத்தித் தந்தபோது பதினொன்று ஐந்து. உடனே ஓடிப்போய் நிறுத்தத்திலிருந்தே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அப்போது ஒகிட்சு சானின் தலை தொங்கியிருந்தது.

அவர் என்னிடம் எத்தனை தடவை கேட்டார் என்று மினோவா உங்களிடம் சொல்லியிருப்பார். மூன்று தடவை. அலமாரி அருகே ஒன்று, பின்வாசலில் ஒன்று, நான் திரும்பி நடந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒன்று. மூன்றும் எனக்குத் தெளிவாகக் கேட்டன. கடைசி முத்திரை விழும்வரை அவர் வேலையில் இருக்கிற ஊழியர். அப்போது கூப்பிட்டிருந்தால் அது விபத்து. எட்டு வருட உழைப்பை ஒரு தொலைபேசி அழைப்பில் தொலைக்க நான் தயாராக இல்லை. இன்னொரு தடவை நடந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

மறுநாள் காலை மூவாயிரத்தை மாட்டினேன். அதைக் கழற்றும்படி உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். என் கையால் கழற்றமாட்டேன். வேண்டுமானால் இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்: உபுகட்டாவின் பொறுப்பில் இருந்த மூவாயிரம் நாளில் ஒருவர் உடம்பிலும் ஒரு கீறல்கூட விழவில்லை.