ஜன்னலோரக் கட்டிலின் மணி

இந்த அறையில் மின்விசிறியைக் குறைத்து வைத்தால்தான் பேச்சு ஒழுங்காகப் பதிவாகும். வேகமாக வைத்தால் உங்கள் ரெக்கார்டரில் காற்று மட்டும்தான் இருக்கும். போன மாதம் ஒரு நிருபர் வந்தார். என்னை அரை நாள் பேச வைத்துவிட்டு வெறும் காற்றை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அசடு வழியத் திரும்பி வந்தார். எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இரண்டாம் முறை இன்னும் நன்றாகவே வந்தது.

நீங்கள் நர்சிங் கவுன்சிலிலிருந்து குட்டி விஷயமாக வந்திருக்கிறீர்கள். ரத்தான அவளுடைய பதிவைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதானே. தாராளமாகக் கொடுக்கலாம். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சங்கத் தலைவி என்றால் நர்சுகளுக்காகப் பேச வேண்டும். அதுதானே என் வேலை.

குட்டி என்பது வார்டு வைத்த பெயர். வயதிலும் சின்னவள், உயரத்திலும் சின்னவள். மேல் தட்டிலிருந்து கையுறைப் பெட்டி எடுக்க ஸ்டூல் போட்டு ஏறுவாள். "அக்கா, என்னை வேலைக்கு எடுத்தப்போ அலமாரியைக் கொஞ்சம் இறக்கி வெச்சிருக்கலாம்ல" என்பாள். எங்களுடையது அறுவை சிகிச்சை வார்டு. அங்கே அப்படி யாராவது ஒருத்தி சிரிக்க வைத்துக்கொண்டிருந்தால்தான் பொழுது ஓடும்.

ஆள் பற்றாக்குறை உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு கட்டிலில் டிரிப் தீர்ந்திருக்கும். பக்கத்துக் கட்டிலில் வாந்தி. அதற்கும் அடுத்தவர் தலையணை கல்லாக இருக்கிறது என்பார். மூவரும் ஒரே நேரத்தில் மணியடிப்பார்கள். ஓடுவது ஒருத்தி. இத்தனை கட்டிலுக்கு இத்தனை நர்ஸ் என்று சட்டம் வேண்டும் என வருடக்கணக்கில் கேட்டோம். மனு கொடுத்தோம், கறுப்புப் பட்டை குத்தினோம், புள்ளிவிவரம் கொடுத்தோம். அரசாங்கக் கமிட்டியில் எங்களுக்கு டீ கொடுத்தார்கள். டீ நன்றாகத்தான் இருந்தது.

எனக்குப் பயிற்சி வகுப்பு என்றால் உயிர். காயம் கட்டுவதில் புது முறை, ஊசி போடுவதில் புது முறை, எது வந்தாலும் முதல் பெயர் என்னுடையது. லீவு நாளிலும் போவேன். "உன் சர்டிபிகேட்டை மாட்டவே இன்னொரு வீடு கட்டணும்டி" என்பார் என் வீட்டுக்காரர். அவர் பேசுவது அப்படித்தான். ஆனால் ஆணி அடிப்பதும் அவர்தான்.

அவற்றில் இரண்டு வகுப்புகள் இந்த விஷயத்துக்கு வேண்டியவை.

முதலாவது, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. முகம் வெளுப்பது, நெற்றி வியர்ப்பது, நாடி ஓடுவது, காரணமில்லாமல் அமைதி இழப்பது. உள்ளே ரத்தம் கசிந்தால் வெளியே என்ன தெரியும், எவ்வளவு நேரம் கையில் இருக்கும், எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வகுப்பில் முதல் பரிசு எனக்கு. அதோ, கதவுக்கு மேலே மாட்டியிருப்பது.

இரண்டாவது, அதிகாரத்தில் இருப்பவர்கள் முன் பேசுவது. நடத்திய அம்மா கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நல்ல விஷயம் சொல்லும்போது மட்டும் அதை எடுத்துப் போட்டுக்கொள்வார். அன்று போட்டுக்கொண்டு சொன்னார்: "நம்பர் சொன்னா தலையாட்டுவாங்க, அவ்வளவுதான். ஒரு ஆளைச் சொல்லுங்க. அவர் எங்க படுத்திருந்தார், கையில என்ன வெச்சிருந்தார், எதுக்கு மணி அடிச்சார். அதைச் சொல்லிட்டு நிறுத்துங்க. அவசரப்படாம நிறுத்துங்க. அந்த நிறுத்தம்தான் சட்டம் போடும்."

நான் இத்தனை காலம் தப்பாகப் பேசிவந்திருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது. கமிட்டிக் கூட்டத்தில் பேச எனக்கு நாள் குறித்திருந்தார்கள். எங்களிடம் நம்பர் இருந்தது, ஆள் இல்லை. பற்றாக்குறையிலும் எங்கள் வார்டில் யாரும் செத்ததில்லை. நாங்கள் ஓடி ஓடிக் காப்பாற்றிவிடுவோம். அந்த ஓட்டமே எங்களுக்குக் குறுக்கே நின்றது.

பிறகு இருவர் இருவராகப் பிரிந்து பேசிப் பழகச் சொன்னார். எனக்கு ஜோடி குட்டி. நான் பேசினேன். ஜன்னலோரக் கட்டில். சலூன்காரர் ஒருவர். கையில் சீப்பு. மணியடிக்கிறார். அவருடைய நர்ஸ் வேறொரு நோயாளியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறாள். மணி அடிக்கிறது, அடிக்கிறது. பிறகு அடிக்கவில்லை. அங்கே நிறுத்தினேன்.

குட்டி முதலில் சிரித்தாள். "அக்கா, இது நம்ம வார்டு சலூன்காரர் மாதிரியே இருக்கு. அவர் காதுல விழுந்தா கத்திரியோட வருவார்" என்றாள். நிறுத்தம் வந்ததும் அழுதுவிட்டாள். அந்தக் கணத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு ஆள் என் பேச்சைக் கேட்டு அழுதது அதுதான் முதல் முறை.

பயிற்சி அம்மா அந்தப் பக்கம் வந்தவர், கடைசி வரியை மட்டும் கேட்டுவிட்டு நின்றார். "நல்லா இருக்கு. நடந்ததுதானே? கமிட்டியில சரிபார்ப்பாங்க. எந்த ஆஸ்பத்திரி, யாரு, எல்லாம் கேப்பாங்க."

நடந்ததுதான் என்றேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

சலூன்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். வயிற்றில் அறுவை முடிந்து தேறிக்கொண்டிருந்தார். படுத்தபடியே எங்கள் எல்லோருடைய தலையையும் விமர்சிப்பார். "சிஸ்டர், இந்த முடியை யார் வெட்டினா? கோவத்துல வெட்டியிருக்காங்க" என்பார். குட்டியிடம், "கடைக்கு வாம்மா, காசு வேண்டாம், முன்னால விழுற முடியை மட்டும் சரி பண்ணி விடறேன். கண்ணு தெரியாம ஊசி குத்துறே" என்பார். அவர் கடையில் மகள்தான் இப்போது எல்லாம். மாலையில் வருவாள். தெளிவாகப் பேசுகிற பெண். அழுதால்கூட வார்த்தை சிதையாது. இதை நான் முன்பே கவனித்திருந்தேன்.

வேறு யாரையாவது யோசித்தேனா என்றால், யோசித்தேன். மிகவும் வயதானவர் என்றால் காலம் வந்துவிட்டது என்று தள்ளிவிடுவார்கள். குழந்தைகள் பக்கம் என் மனம் போகவே போகாது. நான் அப்படிப்பட்டவள் அல்ல. எல்லோருக்கும் பிடித்தவராக, நடுவயதுக்காரராக, பேசத் தெரிந்த பிள்ளை உள்ளவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர்தான் இருந்தார்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அவருக்கு எதுவும் செய்யவில்லை. ஒரு மருந்தைக் கூட்டவில்லை, ஒரு குழாயைத் தொடவில்லை. காத்திருந்தேன். அறுவை முடிந்தவர்களில் யாருக்காவது எப்போதாவது ஏதாவது ஆகும். அவருக்கு ஆகாமலே போயிருந்தால் மகளோடு கைவீசி வீட்டுக்குப் போயிருப்பார். நானும் வாசல் வரை போய் வழியனுப்பியிருப்பேன்.

அன்று காலை எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. எனக்கு ஒரு போன் வந்தது. வார்டில் ஒரே இரைச்சல். துணி அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தேன். ஜன்னலோரம் பார்த்தால் சலூன்காரர் யார் தலையைப் பற்றியும் எதுவும் சொல்லாமல் படுத்திருந்தார். முகம் காகிதம் மாதிரி. நெற்றியில் வியர்வை. போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார். கிட்டே போகவே வேண்டாம். வகுப்பில் காட்டிய படம் மாதிரியே இருந்தது. அந்தப் பயிற்சி வீண் போகவில்லை.

குட்டி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர் வரிசையிலிருந்து வந்தாள். அவரிடம் இன்னும் போயிருக்கவில்லை. "போய்ச் சாப்பிட்டு வாடி, முகமே வாடிக் கிடக்கு. உன் கட்டிலை எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"ஐயோ அக்கா, நீங்கதான் என் தெய்வம்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். கேன்டீனில் கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்ற ஓட்டம்.

மணி அடித்தது. எங்கள் மேஜையில் ஒரு பொத்தான் உண்டு, சத்தத்தை நிறுத்த. விளக்கை நிறுத்த முடியாது. அது எரிந்துகொண்டே இருந்தது. மற்ற இரண்டு நர்சுகளும் உள் அறையில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு முறை எழுந்து வாசல் வரை போனேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கிக் காட்டினார். இதோ வருகிறேன் என்பதுபோல் நானும் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. அவர் பயந்துகொண்டு போகவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன், பக்கத்து டிராயரைத் திறந்து அவருடைய சீப்பை எடுத்து விரல்களுக்குள் வைத்தேன். அவர் கையில் அன்று எதுவும் இருக்கவில்லை. கமிட்டியில் சரிபார்ப்பார்கள் என்று அந்த அம்மா சொல்லியிருந்தாரே. அப்பா கடைசி வரை சீப்பை விடவில்லை என்று மகள் இன்றும் சொல்லிச் சொல்லி அழுகிறாள். கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் அதை மாட்டி வைத்திருக்கிறாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். போன தடவை போயிருந்தபோது அவளே எனக்கு முடி வெட்டிவிட்டாள். நன்றாக இருக்கிறதல்லவா?

குட்டி திரும்பி வந்து பார்த்துவிட்டு அவர் போர்வையைச் சரிசெய்தாள். "அக்கா, நீங்க வகுப்புல சொன்ன மாதிரியே நடந்துடுச்சே" என்றாள். என் வாய் பலித்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நல்ல பெண்.

"அதை வெளியில சொல்லிடாதே. சாப்பிடப் போனேன்னும் சொல்லாதே. வேலையே போயிடும். எதிர் வரிசையில ஒருத்தர் பக்கத்துல இருந்தேன், நகர முடியலன்னு சொல்லு. பாக்கி நான் பேசிக்கறேன்" என்றேன்.

"நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்களேக்கா."

"நானும் உள்ள மாட்டிக்கிட்டேன்டி. ரெண்டு பேருக்கும் வேலை போனா உனக்காக யார் பேசுவா?"

இதில் நியாயம் இருந்தது. அவள் நான் சொன்னபடியே சொன்னாள். பேச்சில் இருந்த கடைசி ஓட்டையும் அதோடு அடைபட்டது.

அவர் இறந்த செய்தி போனதும் கமிட்டிக் கூட்டத்தை அவசரமாகக் கூட்டினார்கள். நான் பேசினேன். ஒரு பக்கம் மகள், மறு பக்கம் குட்டி. மணிக்குப் பிறகு நிறுத்தினேன். அந்த மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. முன் வரிசையில் ஒரு பெரிய மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சட்டம் வந்தது. அதை எல்லோரும் சலூன்காரர் சட்டம் என்கிறார்கள். இப்போது எங்கள் வார்டில் குட்டி இருந்த இடத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். மணியடித்தால் யாராவது ஒருத்தி போய்விடுகிறாள். இதுவரை எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

குட்டிக்குத்தான் கொஞ்சம் சிரமமாகிவிட்டது. கேன்டீன் கல்லாக்காரர் அவளை அன்று அங்கே பார்த்ததாகச் சொல்லிவிட்டார். பொய் சொன்னதற்காகப் பதிவை ரத்து செய்தார்கள். நான் அவளுக்காக வாதாடினேன். அன்றும் நன்றாகத்தான் பேசினேன், ஆனால் கேட்டவர்கள் சரியில்லை. அதற்குப் பிறகு, அவள் கட்டில்களை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதை அவள் வெளியில் சொல்ல நினைத்தாள். சட்டம் கையெழுத்தாகட்டும், இல்லாவிட்டால் எல்லா நர்சுகளுக்கும் நஷ்டம் என்றேன். பேசாமல் இருந்துவிட்டாள். இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் நிற்கிறாள். வருகிறவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொல்கிறாள். அங்கேயும் ஸ்டூல் போட்டுத்தான் ஏறுகிறாளாம்.

இப்போது உங்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். வகுப்பில் நான் பேசியது முதலில், அவர் இறந்தது பிறகு என்று. நினைவு சரிதான். அதை எழுதிக்கொள்ளுங்கள். கொன்றது நான். அவளுக்குப் பதிவு திரும்பக் கிடைக்க வேண்டும். ஒருவரைக் கொடுத்துப் பல பேரைக் காப்பாற்றியிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வேறு வழி இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

துணி அறையில் பேசியது யாரோடு என்று கேட்கிறீர்கள். அதையும் விசாரித்துவிட்டீர்களா? நல்லது. வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

கமிட்டித் தலைவரின் உதவியாளர். சந்தோஷமாகப் பேசினார். "மேடம், நல்ல செய்தி. உங்க கோரிக்கையை முழுசா ஏத்துக்கிட்டாங்க. நேத்தே முடிவாயிடுச்சு. அதனால கூட்டம் கிடையாது, ரத்து பண்ணிட்டோம். நீங்க பேச வர வேண்டிய சிரமம் இல்ல" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். மடித்து அடுக்கிய போர்வைகளுக்கு முன்னால் அந்தப் பேச்சை ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மணிக்குப் பிறகு நிறுத்தினேன். மிக நன்றாக வந்தது.

அவ்வளவு நல்ல பேச்சைப் போர்வைகளோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.