மலை ஜீப்பில் கூச்சம் தீர்த்த கிருபாராணி அம்மையாருக்கு

ஏலம் மணக்கும் மலைச்சரிவில் ஏறாத தோட்டமில்லை, எட்டாத வீடில்லை எனும்படி முப்பத்தோர் ஆண்டுகள் நடந்து, நங்கையர் நலம் காத்த நற்செவிலியே, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நெஞ்சுரமே, இன்று பணி நிறைவு காணும் கிருபாராணி அம்மையே, வணக்கம்.

மழையில் நனைந்த துணியோடு நாளெல்லாம் ஏலக்காய் பறிக்கும் பெண்கள், அந்தரங்க அரிப்பையும் எரிச்சலையும் உடம்புச் சூடு என்று பல்லைக் கடித்துப் பொறுத்தார்கள். விடியுமுன் ஜீப் ஏறி, பொழுது சாய்ந்து போடிக்குத் திரும்புகிறவர்கள் நம் நிலையத்துக்கு எப்போது வருவார்கள்? ஆகவே தாங்களே ஜீப்பில் ஏறினீர்கள். "சின்ராசண்ணே, பாட்டச் சத்தமா வைங்க, எங்களுக்குச் சோலி இருக்கு" என்று ஓட்டுநரின் காதை அடைத்து, பெண்களின் வாயைத் திறந்தீர்கள்.

ராசிங்காபுரத்துப் பெண் ஒருவர் அங்கேதான் அழுதார். தகாத உறவால் வந்த நோயோ என்று கணவர் சந்தேகப்பட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தார். நம் நிலையத்தில் வாங்கிய ஆறு மாத்திரைகளும் பலிக்கவில்லை. பலிக்காது. பிறப்புறுப்பினுள் வைக்க வேண்டியதை, மருந்தாளுநராகிய நான் வெட்கத்தில் வாய் திறவாமல் பொட்டலம் கட்டிக் கொடுக்க, அவர் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருந்தார்.

தாங்கள் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது, அதற்கும் நன்றி. அவரிடமோ கனிவாகச் சொன்னீர்கள்: "தயிர்த் திப்பியாட்டம் வெள்ளப்படுது, அரிப்பு, நாத்தமில்ல. இது பூஞ்சை, ஆத்தா. யாரு செஞ்ச தப்புமில்ல. நாத்தமடிச்சாலோ அடிவயிறு வலிச்சாலோ அது வேற, வெரசா டாக்டரப் பாக்கணும்." மருத்துவரிடம் தாங்களே அழைத்துப்போனீர்கள். கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவதை நிறுத்தி, உலர்ந்த பருத்தித் துணிக்கு மாற்றினீர்கள். திரும்பத் திரும்ப வருகிறதே என்று இரத்தம் சோதிக்கச் செய்ததில் சர்க்கரை நோயும் பிடிபட்டது. கணவரையும் உட்காரவைத்து விளக்கினீர்கள். அரிப்பும் போனது, சந்தேகமும் போனது.

இன்று ஜீப்பில் பாட்டு இல்லாமலே பெண்கள் பேசுகிறார்கள். சின்ராசு தம் மனைவியைத் தாமே அழைத்து வருகிறார். மாத்திரை கொடுக்கும்போது நானும் வாயைத் திறக்கிறேன். வென்றீர்கள், அம்மையே.

இம்மடலில் அப்பெண்ணின் பெயரை விட்டுத்தான் எழுதியிருந்தோம். நேற்று ஜீப்பிலிருந்து இறங்கி நேரே வந்தார். "எம் பேரப் போட்டே வாசிங்க. நான் என்ன களவா செஞ்சேன்?" என்றார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் பெயர் ஜோதி.

நோயின்றி, நடை தளராமல் நீடு வாழ்க என வாழ்த்தும்,
மருந்தாளுநர் பிரபாகரனும் நிலையப் பணியாளர்களும்;
அவர் கேட்டுக்கொண்டபடி, ஜோதியும்.